ஏற்காடு விடுதியா, சேலம் வீடா?

கூச்சப்படும் பிள்ளையைப் பத்து வயதில் ஏற்காட்டு விடுதிப் பள்ளிக்கு அனுப்புவதா, சேலத்தில் வீட்டிலிருந்தே படிக்க வைப்பதா? விடுதியில் தன் வேலையைத் தானே பார்க்கும் பழக்கம் வரும், சரி. ஆனாலும் என் ஓட்டு வீட்டுக்குத்தான்.

குணங்கள் எவ்வளவு நிலைக்கின்றன என்று ராபர்ட்ஸ், டெல்வெக்கியோ என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2000-இல் பல நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டால் ஒருவரின் குணம் அதே இடத்தில் நிற்கிறதா என்பதற்கு ஓர் அளவு உண்டு; 1 என்றால் அப்படியே நிலைக்கிறது, 0 என்றால் முன்னதற்கும் பின்னதற்கும் தொடர்பே இல்லை. அது குழந்தைப் பருவத்தில் 0.31, கல்லூரி வயதில் 0.54, 30 வயதில் 0.64. பத்து வயதுக் கூச்சத்தை வைத்து யாரையும் எடைபோட முடியாது. பொறுப்பும் மனநிதானமும் பெரும்பாலோருக்கு இருபது வயதுக்கு மேல்தான் நன்றாகக் கூடுகின்றன. பதின்பருவத் தொடக்கத்தில் பொறுப்பு கொஞ்சம் சரிவதும் உண்டு. அப்போது பிள்ளை பக்கத்தில் இருக்கட்டும். (ராத்திரி காய்ச்சல் என்றால் 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஓட வேண்டும்!)

கல்லூரிக்கு விடுதி என்றால் தாராளமாக அனுப்பலாம்.