திருவாரூர் குளத்துக்கரை குரூப்: ஆறு வருஷம் கூட ஓடினவனோட அனுபவம்

2017 ஆடி மாசம் சேர்ந்தேன், 2023ல வேலை மாறி திருச்சிக்கு வர்ற வரைக்கும் இருந்தேன். ரன்னிங் கிளப்புன்னு வெளியாளுங்ககிட்ட சொல்லிக்குவோம், மத்தபடி சந்தா கிடையாது, போர்டு கிடையாது, எங்களுக்குள்ள "குளத்துக்கரை குரூப்"தான்.

சுகர் பார்டர்ல இருக்கு நடங்கன்னு டாக்டர் சொன்னதால தியாகராஜர் கோயில் குளமான கமலாலயத்தைச் சுத்தி நடந்துட்டு இருந்தவன் நான். கோயில் அஞ்சு வேலி, குளம் அஞ்சு வேலி, ஓடை அஞ்சு வேலின்னு சொல்லுவாங்கல்ல, அந்தக் குளம். அஞ்சு வேலின்னா கிட்டத்தட்ட 33 ஏக்கர், நடந்தாலே ரெண்டு சுத்துல எனக்கு நாக்கு தள்ளிரும். ஒரு நாள் பின்னாடிலேந்து ஓடி வந்த ரிட்டயர்ட் வாத்தியார் ஒருத்தர் "தம்பி, அந்த லைட் கம்பம் வரைக்கும் ஓடுங்க, அடுத்த கம்பம் வரைக்கும் நடங்க"ன்னுட்டு தாண்டிப் போயிட்டார், அவ்வளவுதான் அட்மிஷன்.

மூச்சு வாங்காம பேச முடியுற வேகத்துல ஓடு, இதுதான் அந்த வாத்தியார் சார் சொல்லிக்குடுத்த ஒரே டெக்னிக். இன்னொரு ரூல், கடைசி ஆள் வந்து சேர்ற வரைக்கும் டீ சொல்லக் கூடாது. மொத ஆறு மாசம் அந்தக் கடைசி ஆள் நான்தான், பதினஞ்சு பேர் டீக்கடை வாசல்ல நின்னு என் மூஞ்சியவே பாத்துட்டு இருப்பாங்க, வெக்கத்துலயே டைமிங் குறைஞ்சுது.

ஞாயித்துக்கிழமை லாங் ரன், ஓடம்போக்கி ஆத்தங்கரை இல்லன்னா கீழ்வேளூர் ரோடு. சித்திரை வைகாசில ஆறு வெறும் மணலா கெடக்கும். ஜூன் 12 மேட்டூர் தொறந்தாங்கன்னா தண்ணி கல்லணைக்கு வந்து பிரிஞ்சு எங்க பக்கம் எட்டிப் பாக்க இன்னும் நாளாகும், அந்த நாள்ல எல்லாம் தெனம் ஆத்தங்கரைதான், ஓடுறதுக்கா தண்ணி வந்துச்சான்னு பாக்குறதுக்கான்னு எங்களுக்கே தெரியாது. ஐப்பசி மழைல அதே கரை ஆகாது, களிமண் ஷூல அப்பி ஆளுக்கு ரெண்டு கிலோ ஏறிரும். தை மாசி சம்பா அறுப்புல பாதி ரோட்டுல நெல்லு காயும், குரூப்ல இருந்த விவசாயி அண்ணன் ரெண்டு பேரும் ஓட்டத்த நிறுத்திட்டு நாலு நெல்லக் கடிச்சுப் பாத்து "17க்கு மேல நிக்கும்ணே, கொள்முதல்ல எடுக்க மாட்டான்"னு ஈரப்பதக் கணக்கு பேச ஆரம்பிச்சுடுவாங்க, வாட்ச் அது பாட்டுக்கு ஓடிட்டு இருக்கும்.

குறைன்னா இருக்கு. வாட்சப்புல காலைல நாப்பது குட்மார்னிங். ஹாஃப் மாரத்தான், அதாவது 21.1 கிலோமீட்டர் ஓடிட்டு மெடலோட வந்தவங்க கொஞ்ச நாள் தனி கோஷ்டியா நின்னாங்க, அப்புறம் டீக்கு ஒண்ணாயிட்டாங்க. நானும் ஒரு ஷூவ 1,200 கிலோமீட்டர் வரைக்கும் கஞ்சத்தனமா இழுத்து முழங்கால்ல வலிய வாங்கிக்கிட்டேன், 700க்குள்ள மாத்திருங்க. குளத்த ஒரே பக்கமா சுத்தாதீங்க, ரோட்டுச் சரிவுல ஒரு காலுக்கே லோடு ஏறும், மறுநாள் எதிர்ப்பக்கமா சுத்துங்கன்னா ஒரு மாமா மட்டும் கடைசி வரைக்கும் ஒத்துக்கல. "முட்டி போனா போகட்டும்டா, அப்பிரதட்சணமா என்னால வர முடியாது."

ஆனா எனக்கு ரொம்ப ஞாபகம் இருக்குறது ஓடாத ஒரு வாரம். 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் அடிச்சுது, கரண்ட் போச்சு, போன்ல டவர் இல்ல, யார் வீட்டுல என்னன்னு கேக்க வழியில்ல. மறுநாள் அஞ்சேகாலுக்கு சும்மா போய்ப் பாப்போம்னு டார்ச்ச எடுத்துக்கிட்டு குளத்துக்கரைக்குப் போனா அங்க ஏற்கனவே ஒன்பது பேர், எல்லாரும் என்னை மாதிரியே சும்மா வந்தவங்க. சார் தலைய எண்ணினார், வராதவங்க பேரை வரிசையா சொன்னார், சைக்கிள்லயும் நடையுமா ரோட்டுல விழுந்த மரத்தையெல்லாம் தாண்டி ஆளுக்கு ரெண்டு வீடு. ஒருத்தர் வீட்டு ஓடு பூராவும் போயிருந்துச்சு, தார்ப்பாய் கட்டிட்டுத்தான் திரும்பினோம். மணி பதினொண்ணு, கடைசி ஆள் வந்தப்புறம்தான் டீ, அன்னைக்கு பால் இல்லாததால வரட்டீ.

திருச்சிலயும் ஒரு குரூப்ல ஓடுறேன், ஆளுக்கொரு இயர்போன், நல்லவங்கதான். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப குளத்துக்கரைல ரெண்டு சுத்து ஓடினேன், மறுபடியும் நான்தான் கடைசி. டீ கையில வந்ததும் சார் நோட்டப் பிரிச்சு 2022 டி-ஷர்ட் காசு 350 இன்னும் வரலன்னார்.