தொண்டை வலிக்குக் கிளினிக்கா, எமர்ஜென்சியா?

கோலாலம்பூர் செந்தூலில் பிள்ளைக்குத் தொண்டை வலி என்றால் பக்கத்துக் கிளினிக்குக்குத்தான் ஓடுவோம். பெரும்பாலும் அதுவே போதும். வலித்தாலும் தண்ணீர் குடிக்கிறான், கழுத்தைத் தாராளமாகத் திருப்புகிறான், காய்ச்சல் தணிந்ததும் விளையாடப் போகிறான் என்றால் அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட்டோடு வேலை முடிந்தது.

கழுத்துக்குள் ஆழமாகச் சீழ் பிடித்த பிள்ளை வேறு மாதிரி. எச்சிலைக்கூட விழுங்காமல் வடியவிடும். வாயில் சோற்றுக் கவளத்தை அடக்கிக்கொண்டு பேசுவது போல் குரல் மழுங்கும். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து விறைத்திருக்கும். சுவரில் பல்லியைக் காட்டினால் தலையைத் தூக்காது, கண்ணை மட்டும் உருட்டும். தொண்டைக்குப் பின்னால் கட்டும் சீழ் 5 வயதுக்குட்பட்டவர்களிடம்தான் அதிகம். சுளுக்கு என்று எண்ணெய் தேய்க்கப் பாட்டிமார் வருவார்கள், விடாதீர்கள். நேரே எமர்ஜென்சி. கிளினிக் மருந்து 2 நாள் கொடுத்தும் காய்ச்சல் இறங்காமல் கழுத்து வீங்கினாலும் அப்படித்தான்.

மூச்சிழுக்கும்போது சத்தம் வந்தால் ஆம்புலன்ஸுக்கு 999 அழையுங்கள். கரண்டியால் நாக்கை அழுத்திப் பார்க்க வேண்டாம், வற்புறுத்திப் படுக்க வைக்கவும் வேண்டாம். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் சாப்பாடும் கொடுக்காதீர்கள்.

பெரிய மருத்துவமனையில் சிடி ஸ்கேன் எடுத்து, நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றுவார்கள். சின்னக் கட்டி என்றால் 24 முதல் 48 மணி நேரம் பார்ப்பார்கள். பல பிள்ளைகளுக்கு மருந்திலேயே கரைந்துவிடும். பெரிய கட்டி, மூச்சை நெருக்கும் கட்டி, மருந்துக்கு அசையாத கட்டி என்றால் கீறிச் சீழை எடுப்பார்கள். இதில் எதுவும் கிளினிக்கில் நடக்காது.