செவ்வந்தி நாற்றை வெளியே எடுக்கும் காலமும் ஒரு பின் டைமரும்: நுவரெலியாவிலிருந்து ஒரு மதிப்பீடு

பிளக் பேஸில் நேரடியாகச் செருகிப் பயன்படுத்தும், 24 மணிநேர வட்டுடைய சாதாரண டைமர் ஒன்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். வட்டைச் சுற்றி 96 சிறு பின்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 15 நிமிடத்தைக் குறிக்கும். பின்னைக் கீழே அழுத்தினால் அந்த நேரத்தில் விளக்கு எரியும், மேலே விட்டால் அணைந்திருக்கும். நுவரெலியா நகரில் ஒரு மின்பொருட்கடையில் இரண்டாயிரம் ரூபாயை ஒட்டிய விலைக்கு இதை வாங்கி, செவ்வந்தி நாற்றுகளுக்கு இரவில் வெளிச்சம் கொடுப்பதற்காகப் பயன்படுத்தி வருகிறேன். பூச்செடி வளர்ப்பில் இவ்வளவு சிறிய கருவிக்கு இவ்வளவு பெரிய பொறுப்பு ஏன் வருகிறது என்பதைச் சொல்லாமல் இதன் நிறைகுறைகளைச் சொல்ல முடியாது. ஆகவே முதலில் பகல் நீளத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

செவ்வந்தி ஒரு குறும்பகல் தாவரம். பகல் நீளம் பூப்பதை ஆளுகிறது என்பதை அமெரிக்க வேளாண் திணைக்களத்தைச் சேர்ந்த கார்னரும் அலார்டும் புகையிலைச் செடிகளைக் கொண்டு 1920இல் வெளியிட்டனர். செடி உண்மையில் அளப்பது பகலை அன்று, இடையறாத இருளின் நீளத்தையே என்று 1938இல் ஹாம்னரும் பொனரும் காட்டினர். நீண்ட இரவின் நடுவே கொஞ்ச நேரம் வெளிச்சம் விழுந்தாலும், செடி அதை இரண்டு குறுகிய இரவுகளாகவே கணக்கிடுகிறது. இலையிலுள்ள பைட்டோகுரோம் என்னும் நிறமி சிவப்பு ஒளியை உணர்வதே இதற்குக் காரணம். பெரும்பாலான செவ்வந்தி வகைகள் பகல் சுமார் பதின்மூன்றரை மணிநேரத்துக்கு மேல் இருக்கும்வரை இலையும் தண்டுமாகவே வளரும். அதற்குக் கீழே இறங்கினால் மொட்டு வைக்கும்.

இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் இலங்கையின் மலையகத்துக்கு ஒத்துவராமல் போவது இந்த இடத்தில்தான். அவற்றில் பெரும்பாலானவை இலண்டனைப் போல, ஜூன் மாதத்தில் பகல் பதினாறரை மணிநேரத்துக்கு மேலும் டிசெம்பரில் எட்டு மணிநேரத்துக்குக் குறைவாகவும் இருக்கும் ஊர்களுக்காக எழுதப்பட்டவை. விளக்கின் கீழ் வளர்த்த செடியை இளவேனிலில் பகல் நீண்டபின் வெளியே கொண்டுபோங்கள், கோடையில் நன்றாக வளரும், இலையுதிர் காலத்தில் தானே பூக்கும் என்று அவை சொல்லும். சணல் கஞ்சா வளர்ப்பு அனுமதிக்கப்பட்ட நாடுகளில் அந்தச் செடிக்காக எழுதப்பட்ட 18 மணி ஒளி, 6 மணி இருள் என்ற அட்டவணையும் அதே வழியில் வந்ததே. அந்தச் செடியும் குறும்பகல் வகை என்பதால் விதி ஒன்றுதான். நம் நாட்டில் அனுமதியின்றி அதை வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்றாலும், அந்த அட்டவணை மட்டும் எல்.ஈ.டி. வளர்ப்பு விளக்குகளின் பெட்டிகளில் அச்சாகி நம் கடைகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

நுவரெலியா ஏறத்தாழ ஏழு பாகை வட அகலாங்கில் இருக்கிறது. இங்கு ஆண்டின் மிக நீண்ட பகல் சுமார் பன்னிரண்டரை மணிநேரம். மிகக் குறுகிய பகல் பன்னிரண்டுக்குக் கால் மணி குறைவு. விடியலிலும் அந்தியிலும் உள்ள மங்கிய வெளிச்சத்தைச் சேர்த்தாலும் ஜூன் மாதத்தில்கூடப் பதின்மூன்றே கால் மணிநேரத்தை ஒட்டியே நிற்கும். அப்படியென்றால், செவ்வந்தியைப் பொறுத்தவரை நமது 365 நாட்களும் குறும்பகல் நாட்களே. எந்த மாதத்தில் வெளியே வைத்தாலும், வைத்த நாளிலிருந்தே அது மொட்டுக்குத் தயாராகும். வேரூன்றி நான்கு இலை விட்ட சிறு நாற்றை அப்படி வெளியே எடுத்தால், சாண் உயரத்தில் ஒற்றைப் பூவோடு நின்றுவிடும். சந்தையில் அதை எவரும் வாங்குவதில்லை. பகல் நீளும் பருவத்துக்காக இங்கே காத்திருப்பதில் பயன் இல்லை, அப்படியொரு பருவமே நமக்கு இல்லை. நீண்ட பகலை நாமே உண்டாக்க வேண்டும், அதை நிறுத்தும் நாளையும் நாமே குறிக்க வேண்டும்.

அதற்கு வளர்ப்பாளர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் வழி நள்ளிரவு வெளிச்சம். இரவு பத்து மணி முதல் இரண்டு மணிவரை, இலைமட்டத்தில் சுமார் 100 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் விழுந்தால் போதும். ஒளிச்சேர்க்கைக்காக அன்றி, இரவை இரண்டாக வெட்டுவதற்காக மட்டுமே இது என்பதால் விலையுயர்ந்த ஊதா நிற வளர்ப்பு விளக்குகள் தேவையில்லை. மஞ்சள் கலந்த வெள்ளை நிறத்தில் எரியும் சாதாரண 9 வாட் எல்.ஈ.டி. மின்குமிழில் தேவையான சிவப்பு ஒளி இருக்கிறது. செடியின் நுனியிலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில் தொங்கவிட்டு, மேலே ஒரு தகரத் தொப்பியை வைத்து வெளிச்சத்தைக் கீழே திருப்பிவிட்டால் பாத்தி முழுவதும் சீராக விழும்.

இந்த வேலைக்கு டைமர் மிகவும் பொருத்தமாக இருக்கிறது. பத்து மின்குமிழ்களைச் சேர்த்தாலும் 90 வாட்தான். 13 அம்பியர் தாங்கும் கருவிக்கு அது ஒரு சுமையே அல்ல. 15 நிமிடப் பின்கள் இருப்பதன் உண்மையான பயன் போகப்போகத்தான் விளங்கியது. நான்கு மணிநேரமும் தொடர்ந்து எரியவிடாமல், கால் மணி எரிந்து கால் மணி அணையும்படி ஒன்றுவிட்டு ஒரு பின்னை அழுத்தினாலும் செவ்வந்தி அதை முழு வெளிச்சமாகவே எடுத்துக்கொள்கிறது. இவ்வாறு விட்டுவிட்டு எரியும் முறை உலகெங்கும் வளர்ப்பாளர்களிடையே பழக்கத்தில் உள்ளது. தொடர்ந்து எரித்தால் பத்து மின்குமிழ்களுக்கு மாதத்துக்குப் பதினோர் அலகு மின்சாரம் செலவாகும். விட்டுவிட்டு எரித்தால் அதில் பாதி. பழைய 60 வாட் இழை மின்குமிழ்களாக இருந்தால் இதே வேலைக்கு 72 அலகுகள் போயிருக்கும். மின்கட்டணப் பட்டியலில் அடுத்த படிக்கு ஏறிவிடுவோமோ என்று அஞ்சும் தோட்டக் குடும்பங்களுக்கு இந்த வேறுபாடு சிறியதன்று. அரைமணிப் பின்கள் கொண்ட, 48 பின் டைமர்களும் இதே கடைகளில் கிடைக்கின்றன. விலையில் பெரிய வேறுபாடு இல்லாததால் 96 பின் உள்ளதையே கேட்டு வாங்க வேண்டும்.

இனி இதன் பெருங்குறை. வட்டைச் சுழற்றுவது சுவரிலிருந்து வரும் அதே மின்சாரம்தான். உள்ளே மின்கலம் ஏதும் இல்லை. மின்சாரம் போனால் வட்டு நின்றுவிடும், வந்ததும் நின்ற இடத்திலிருந்து தொடரும். மூன்று மணிநேரம் மின்சாரம் இல்லாமல் போனால் டைமர் மூன்று மணிநேரம் பின்தங்கும். விளக்கு இரவு பத்துக்குப் பதிலாக ஒரு மணிக்கு எரியும். அதனால் தீங்கு பெரிதாக இல்லை, இரவு இன்னும் வெட்டப்பட்டே இருக்கிறது. ஆனால் ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் பிற்பகல் இடிமழை தொடங்கிவிட்டால் மலைப்பகுதியில் மரக்கிளை விழுந்து மின்கம்பி அறுவது வழக்கம். ஒரு கிழமைக்குள் இப்படி நான்கைந்து தடவை நடந்தால் பின்னடைவு பத்து மணிநேரத்தைத் தொட்டுவிடும். அப்போது விளக்கு காலை எட்டு மணிக்கு எரிந்து நண்பகலில் அணையும். பகல் வெளிச்சத்தில் அது எரிவதை எவரும் கவனிப்பதில்லை. இரவுகள் முழு இருளாகிவிடும். செவ்வந்திக்கு அடுத்தடுத்துச் சில நீண்ட இரவுகள் கிடைத்தாலே நுனியில் மொட்டு உருவாகத் தொடங்கும். பிறகு வெளிச்சத்தைச் சரிசெய்தாலும் அந்த நுனி பழையபடி வளராது, பக்கக் கிளைகள் வெடித்துச் செடியின் உருவமே கெட்டுவிடும்.

கடைக்காரர் இதை மறைக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். "அண்ணே, கரண்ட் போனா இதுவும் நின்னுரும், வந்தவுடனே நேரத்தைத் திருப்பி வச்சிருங்க" என்று பெட்டியைத் திறந்து காட்டியே கொடுத்தார். வட்டைக் கடிகாரம் சுற்றும் பக்கமாக மட்டுமே திருப்ப வேண்டும், எதிர்ப்பக்கம் திருப்பினால் உள்ளே பல்சக்கரம் உடையும் என்றும் அவரே சொன்னார். விற்கும் பொருளின் குறையை வாங்குபவரிடம் சொல்லி விற்கும் கடை எந்த ஊரில் இருந்தாலும் மதிப்புக்குரியது. இதே கடையில் உள்ளே சிறு மின்கலம் கொண்ட டிஜிட்டல் டைமர் ஏறத்தாழ இரட்டிப்பு விலைக்கு இருக்கிறது. மின்சாரம் போனாலும் அதன் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டில் எப்போதும் ஆள் இருந்து, மின்சாரம் வந்ததும் வட்டைத் திருத்த முடியுமானால் பின் டைமர் போதுமானது. காலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய் மாலையில் திரும்பும் வீட்டில் அது நடவாது. அங்கே டிஜிட்டல் டைமரையே வாங்க வேண்டும்.

இரண்டாவது குறை ஈரம். பெட்டியில் ஐபி 20 என்று அச்சிட்டிருக்கிறது. நீரிலிருந்து எந்தப் பாதுகாப்பும் இல்லை என்பது அதன் பொருள். நுவரெலியாவின் மூடுபனி பொலித்தீன் கூடாரத்துக்குள் நீர்த்துளியாக இறங்கும். ஆகவே டைமரை வீட்டுக்குள் பொருத்தி, அங்கிருந்து மின்கம்பியை மட்டும் வெளியே கொண்டுபோவதே பாதுகாப்பு. மூடியுடன் வரும் ஐபி 44 வகை வெளிப்பாவனைக்கு உரியது. கிடைத்தால் அதையே எடுக்கலாம்.

இந்தக் கருவி எனக்குத் தந்த பெரிய நன்மை, செடியை வெளியே எடுக்கும் நாளையும் பூக்கவிடும் நாளையும் பிரித்துத் தந்ததுதான். வழிகாட்டிகள் இரண்டையும் ஒன்றாகவே பேசுகின்றன. விளக்கையும் கம்பியையும் செடியோடு சேர்த்து வெளியே கொண்டுபோய்விட்டால், வெளியே எடுக்கும் நாளை வானிலையைப் பார்த்து மட்டுமே முடிவுசெய்யலாம். ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் உறைபனி இரவுகள் கழிய வேண்டும்; தென்மேற்குப் பருவமழை கொட்டும் நாட்களில் இலையில் நோய் வரும்; வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்தில் ஜூலையில் வீசும் வறண்ட காற்று இளந்தளிரைக் கருக்கிவிடும். இவற்றுக்கு இடையில் நல்ல நாட்களைத் தேர்ந்து, முதல் கிழமை ஐம்பது சதவீத நிழல்வலையின் கீழ் வைத்து, பிறகு திறந்த வெயிலுக்குப் பழக்க வேண்டும். ஆறாயிரம் அடி உயரத்து வெயில் குளிராகத் தோன்றினாலும் புறஊதாக் கதிர் மிகுந்தது. கூடாரத்து இலை ஒரே நாளில் வெளுத்துப் போகும். இந்தக் காலம் முழுவதும் நள்ளிரவு வெளிச்சம் தொடர்வதால் செடி மொட்டுக்கு ஓடாமல் தண்டை வளர்த்துக்கொண்டே இருக்கும்.

விளக்கை நிறுத்தும் நாளைச் சந்தையிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். செவ்வந்தி வகைகளை, இருள் தொடங்கியதிலிருந்து பூக்க எடுக்கும் கிழமைகளைக் கொண்டு வகுக்கிறார்கள். வெட்டுப்பூவுக்கு எட்டு முதல் பத்துக் கிழமை வகைகளே அதிகம். நுவரெலியாவின் குளிர்ந்த இரவுகளில் மொட்டு உருவாவது தாமதமாகும் என்பதால் ஒன்பது கிழமை வகைக்குப் பத்துக் கிழமை ஒதுக்குவது நல்லது. நவம்பர் 2ஆம் திகதி கல்லறைத் திருநாளுக்குப் பூ வேண்டுமானால் ஓகஸ்ட் நான்காம் வாரத் தொடக்கத்தில் விளக்கை நிறுத்த வேண்டும். தைப்பொங்கலுக்கு நவம்பர் முதல் வாரம். சித்திரைப் புத்தாண்டுக்கும் ஏப்ரலில் நகருக்கு வரும் சுற்றுலாக் கூட்டத்துக்கும் பெப்ரவரி தொடக்கம். சித்திரைக்குரிய செடிகள் உறைபனிக் காலத்திலேயே இருளுக்குள் போகின்றன. ஆகவே அவற்றை மட்டும் பெப்ரவரி முடியும்வரை கூடாரத்துக்குள்ளேயே வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

நிறுத்தியபின் இரவு உண்மையிலேயே இருளாக இருக்க வேண்டும். தெருவிளக்கின் கீழோ, லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசல் மின்குமிழ் இரவு முழுவதும் எரியும் இடத்திலோ இருக்கும் பாத்தி, பக்கத்துப் பாத்தி பூத்து முடிந்தபின்னும் பச்சையாகவே நிற்கும். பௌர்ணமி நிலவைப் பற்றி அயலவர்கள் கேட்பதுண்டு. அதன் ஒளி ஒரு லக்ஸில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டுவது அரிது, செவ்வந்திக்கு அது இருளே.

நத்தாருக்குச் சிவக்கும் பொயின்செட்டியாவை வளர்ப்பவர்களுக்கு இந்த டைமரை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் எல்லை பன்னிரண்டு மணிநேரத்தை ஒட்டியிருப்பதால் ஒக்டோபர் முதல் நம் பகலே அதற்குப் போதிய அளவு குறுகிவிடுகிறது; பூக்கச் செய்ய விளக்கும் வேண்டாம், கறுப்புத் துணியும் வேண்டாம். செவ்வந்தி வளர்ப்பவர்கள் டிஜிட்டல் டைமருக்கும் ஐபி 44 மூடிக்கும் பணம் ஒதுக்க முடியுமானால் அவற்றையே எடுக்கட்டும். முடியாதவர்களுக்கு இந்த 96 பின் டைமர் போதும். ஆனால் வட்டு காட்டும் நேரத்தையும் கைக்கடிகாரத்தையும் ஒவ்வொரு மாலையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும்.