பாத்ரூமுக்கு மெக்சிகன் தலவேரா டைல்: வாங்கப் போன கதையும் சில வருஷம் பொழங்கின அனுபவமும்

தலவேராங்கறது செம்மண்ணுல செஞ்சு, கையால பூ வரைஞ்சு, மேல கண்ணாடி மாதிரி கிளேஸ் பூச்சு குடுத்து சுட்ட கலர் டைல். முதல்லயே சொல்லிடறேன், பாத்ரூம் சுவத்துக்குன்னா தாராளமா வாங்கலாம், தரைக்கு வேண்டவே வேண்டாம்.

நாங்க இருக்கறது மெக்சிகோவுல கெரேதாரோ ஊர்ல. வாங்கினது பழைய வீடு, பாத்ரூம் முழுக்க பழுப்பு டைல், உள்ள போனாலே தூக்கம் வரும். இடிச்சுட்டு கலர் கலரா போடணும்னு எனக்கு ஆசை. ஒரிஜினல் தலவேரான்னா புவேப்லா பக்கம்தான் போகணும், நம்ம காஞ்சிபுரம் பட்டு மாதிரி அதுக்கும் புவிசார் குறியீடு உண்டு, 2019ல யுனெஸ்கோ பட்டியல்லயும் சேத்துட்டாங்க. ஆனா அந்த முத்திரை போட்ட சரக்குல சுவர் முழுக்க போடறது நமக்கு கட்டுப்படியாகாது. அதனால சான் மிகேல் வழியா டோலோரெஸ் இதால்கோ போனோம். 1810ல பாதிரியார் இதால்கோ மணியடிச்சு சுதந்திரப் போரை ஆரம்பிச்சாரே அந்த ஊர்தான், மண்பாண்டத் தொழிலை அங்க வளத்துவிட்டதும் அவர்தான். சட்டப்படி இவங்க சரக்கு தலவேரா கிடையாது, ஆனா ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.

ரோட்டோரம் பூரா பானை, வாஷ்பேசின், டைல் கடைதான். நாங்க எடுத்தது பத்தரை சென்டிமீட்டர் சதுரம், ஒரு சதுர மீட்டருக்கு சுமாரா 90 பிடிக்கும், அதுக்கு மேல உடைசலுக்குன்னு பத்து பதினஞ்சு சதவீதம் சேத்து வாங்கணும், இங்க அதுக்கு மெர்மான்னு பேரு. முதல் தரமா ரெண்டாம் தரமான்னு கேட்டே ஆகணும், நாமளா கேக்காம சொல்ல மாட்டாங்க. ரெண்டு டைலை முகத்தோட முகம் ஒட்டி வெச்சுப் பாத்தா வளைவு தெரிஞ்சிடும், விரலால தட்டினா விரிசல் விட்டது மட்டும் மந்தமா சத்தம் குடுக்கும்.

கடைக்காரம்மா கடைசிப் பெட்டியை மட்டும் உள்ளேருந்து எடுத்துட்டு வந்தாங்க. நான் "ஏங்க, இந்த நீலம் வேற மாதிரி இருக்கு பாருங்க"ன்னா, இவரு "எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது"ன்னுட்டாரு. அந்தம்மாவும் "கையால செஞ்சது செஞோரா (அம்மா), அப்படித்தான் இருக்கும்"ன்னாங்க. எதைக் கேட்டாலும் இதே பதில்தான்! வளைவுக்கும் பூவோட இதழ் கொஞ்சம் கோணலா இருக்கறதுக்கும் இந்த பதில் சரி, அதுக்காகத்தானே இவ்ளோ தூரம் வர்றோம், ஆனா வேற சூளைல வெந்த பெட்டிய கலந்து விக்கறதுக்கு இது பதில் இல்ல. பிடிவாதமா நின்னு மாத்தி வாங்கினேன். அப்புறம் ஊர் நடுவுல இருக்கற சதுக்கத்துல ஐஸ்கிரீம். இந்த ஊர்ல இறால்ல கூட ஐஸ்கிரீம் போடுவாங்க, இவரு அதை வாங்கி முழுசா சாப்பிட்டாரு, நான் அவகாடோவோட நிறுத்திக்கிட்டேன்.

பதிக்கறதுலதான் விஷயமே இருக்கு. இது கம்மி சூட்டுல வெந்த செம்மண், தண்ணியை நல்லா உறிஞ்சும், மேல இருக்கற கிளேஸ் மெல்லிசு. அதனால கிரவுட் (டைல் இடுக்கை அடைக்கற பூச்சு) போடறதுக்கு முன்னாடியே சீலர் (உறிஞ்சாம தடுக்கற திரவம்) அடிக்கணும், இல்லன்னா கிரவுட்டோட கலர் முடிவிரிசல்ல, அதாவது கிளேஸ்ல முடி மாதிரி ஓடற மெல்லிசு விரிசல்ல, இறங்கி கறையா நின்னுடும். கிரவுட்டும் மணல் கலக்காததா இருக்கணும், மணல் கிளேஸை கீறிடும். கொத்தனார் சீலரெல்லாம் வேஸ்ட்டுன்னு தான் சொன்னாரு, நாங்க விடல. வெட்டும்போது ஓரம் சில்லு சில்லா தெறிக்குது, வெட்டின பக்கத்தை மூலைல மறைச்சு வெக்கச் சொல்லுங்க. பழைய பாணி கிளேஸ்ல ஈயம் இருக்கலாம், வெட்டறவர் மாஸ்க் போட்டே ஆகணும்.

இப்ப நிலவரம் என்னன்னா, கலர் துளி மங்கல, அந்த மஞ்சளும் நீலமும் வாங்கின அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கு. ஷவர் பக்க சுவத்துல மட்டும் பழைய பீங்கான் தட்டு மாதிரி முடிவிரிசல் நிறைய ஓடியிருக்கு, சுடுதண்ணி பட்டு ஆறி ஆறி வர்றதுதான், தொட்டா தெரியாது, வெளிச்சம் சாய்வா விழுந்தாதான் தெரியும், எனக்கு அது பிடிக்கவும் செய்யுது. இங்க தண்ணில உப்பு ஜாஸ்தி, வெள்ளையா படியும். வினிகர், ஆசிட் கிளீனர் எதுவும் தொடக்கூடாது, சோப்புத்தண்ணியும் மெத்துன்னு ஒரு துணியும் போதும், ஷவர் பக்கம் மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை சீலர் அடிக்கறோம். தெரிஞ்சவங்க வீட்டுல தரைக்கு இதையே போட்டு, நடக்கற வழியெல்லாம் கிளேஸ் தேஞ்சு செம்மண் எட்டிப் பாக்குது. ஆத்தங்குடி கல்லுன்னா நடக்க நடக்க பளபளப்பு ஏறும், அது சிமெண்ட்டு, இது அப்படி இல்ல.

உடைசலுக்கு வாங்கினதுல மிஞ்சினதை தூக்கிப் போட்டுடாதீங்க. குழாய் மாத்த வந்த பிளம்பர் சுவத்தை உடைச்சப்ப அதுதான் காப்பாத்துச்சு, அதே நீலம் திரும்ப கிடைக்கவே கிடைக்காது. அடுத்து கிச்சன்ல அடுப்புக்குப் பின்னாடியும் இதையே போடலாம்னு இவரு ஒத்தக்கால்ல நிக்கறாரு. இந்த ஊர்க்காரங்க கிச்சன்லயும் இதுதான் இருக்கு, ஆனா அவங்க தினமும் புளிக்குழம்பு கொதிக்க வெக்கறது இல்லையே, அதான் யோசனையா இருக்கு.