ரெடிட்டை விட்டு லெம்மிக்குப் போய் இரண்டு வருடம்: ஒரு சேலத்துக்காரன் அனுபவம்

ரெடிட் என்பது தலைப்புவாரியாகக் குழுக்களில் பேசிக்கொள்ளும் இணைய மன்றம். வெளியார் செயலிகள் அதன் பதிவுகளை எடுத்துக் காட்டும் வழியான ஏபிஐக்கு 2023 ஜூலை 1 முதல் கட்டணம் என்று ரெடிட் சொன்னதும், அப்பல்லோ (ஐபோனில் ரெடிட் படிக்கும் செயலி) மாதிரியானவை ஜூன் 30-ஆம் தேதியோடு கடையைக் கட்டின. அப்பல்லோவைச் செய்தவர் போட்ட கணக்குப்படி வருடத்துக்குச் சுமார் 2 கோடி டாலர் ஆகுமாம். நான் வைத்திருந்த செயலியும் அதே வரிசையில் போனது. அந்த வாரமே, ரெடிட் மாதிரியே குழுக்களாகப் பேசும் லெம்மியில் கணக்குத் திறந்தேன்.

திறப்பதற்குள் தலை சுற்றிவிட்டது. லெம்மி ஒரே தளம் கிடையாது. ஆளாளுக்கு நடத்தும் பல சர்வர்கள், ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. எதில் சேருவது? செவ்வாய்ப்பேட்டையில் தட்டுவடை செட் தின்றபடி நண்பனுக்கு விளக்கினேன்: "எந்தக் கடையில நின்னு தின்னாலும் செட்டு செட்டுதான் மாப்ள, சட்னிதான் மாறும்." பீட்ரூட் துருவல் சிந்தாமல் ஒரு செட்டை வாய்க்குள் தள்ளிவிட்டுக் கேட்டான், "கடையை மூடிட்டா?"

மூடத்தான் செய்தார்கள். என் முதல் சர்வரை நடத்தியவர் செலவு தாங்காமல் நிறுத்திவிட்டார். லெம்மி மென்பொருளின் 0.19 பதிப்பில் ஏற்றுமதி வசதி வந்திருந்ததால் சேர்ந்திருந்த குழுக்களின் பட்டியலும் தடைப் பட்டியலும் ஒரே கோப்பாகக் கையில் வந்தன. புதிய சர்வரில் ஏற்றிக்கொண்டேன். எழுதினதெல்லாம் வரவில்லை. மற்ற சர்வர்களில் பழைய பெயரோடு பிரதிகளாகக் கிடக்கின்றன, ஒரு எழுத்தைக்கூட இனி நான் திருத்த முடியாது. இது இன்னும் உறுத்துகிறது.

இருந்தும் ஏன் திரும்பவில்லை என்றால், காப்பிக்கொட்டை. போன தை மாதம் ஏற்காட்டில் மாமா தோட்டத்து அராபிகாவை இரும்புச்சட்டியில் வறுத்தேன். ஓரமெல்லாம் கருகல், நடுவில் பச்சை. லெம்மியில் படம் போட்டேன். பதில் எழுதியவர்கள் நாலே பேர். ஒருவர் சட்டியின் கனம், கொட்டையின் அளவு, முதல் வெடிச்சத்தம் எத்தனையாவது நிமிடத்தில் கேட்டது என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். கால் கிலோவை நூறு கிராமாகக் குறைக்கச் சொன்னார். அடுத்த வறுவல் ஒரே நிறத்தில் இறங்கியது. ரெடிட்டில் மற்றவர்கள் போடும் வாக்குகளால் சேரும் மதிப்பெண்ணான கார்மாவின் மொத்த எண் இங்கே காட்டப்படுவதில்லை. அவர் அதற்காக எழுதியிருக்க வாய்ப்பில்லை.

தமிழில் பேசத்தான் ஆளில்லை. பழைய லேப்டாப் கோளாறு, பைக் உதிரிபாகம் என்று எதையாவது தேடினால் பதில் இன்றும் ரெடிட்டில்தான் அகப்படுகிறது. வெட்கப்படாமல் போய்ப் படித்துவிட்டு வருகிறேன்.

புதிதாகச் சேருகிறவர்கள், செலவுக் கணக்கை வெளிப்படையாகப் போடும் சர்வராகப் பாருங்கள். மாதம் ஒருமுறை அந்த ஏற்றுமதிக் கோப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நண்பன் இன்னும் சேரவில்லை.