புது கஃபேல மெம்பர் கார்டுக்கு முன்பணம் கேட்டா குடுக்காதீங்க, என் 18,000 போச்சு

புதுசா தொறந்த கஃபே, ரெஸ்டாரண்ட் எதுவா இருந்தாலும் சரி, 'ஃபவுண்டிங் மெம்பர் கார்டு', 'ப்ரீபெய்டு கார்டு', 'இப்ப மொத்தமா கட்டிட்டா வருஷம் பூரா கவலையே இல்ல' இப்படி எந்தப் பேர்ல வந்து கேட்டாலும் தயவுசெஞ்சு பணத்தைக் குடுத்துடாதீங்க. எனக்கு 18,000 போச்சு. அந்தக் கார்டை வச்சு ஒரு வாய் காபி கூட நாங்க குடிக்கல. கோவத்துல டைப் பண்றேன், கோர்வையா வரலன்னா பொறுத்துக்கோங்க. என்னென்ன பார்க்கணும்னு கடைசில எழுதறேன். கடை பேரை இப்ப போடல, புகார் குடுக்கற வேலை போயிட்டு இருக்கு, அதுக்கு இடைஞ்சல் வரக்கூடாது.

எங்க ஏரியா இப்ப எப்படி ஆயிடுச்சுன்னா, டெய்லர் கடை இருந்த எடம், ஹார்டுவேர் கடை இருந்த எடம், பழைய வீட்டோட முன் ரூம், எல்லாம் கஃபேதான். முன்பக்கம் ஒரு கண்ணாடி, உள்ள மஞ்சள் லைட்டு, வாசல்ல ரெண்டு செடி, முடிஞ்சது. சாயங்காலம் ஆச்சுன்னா வண்டி நிறுத்த எடம் கிடைக்காது. ஒழுங்கா நடத்துறவங்களும் இருக்காங்க, அவங்களைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இந்த மாதிரி தெருவுல கடை போடறவங்க வாடகை அட்வான்ஸ், இன்டீரியர், கிச்சன் சாமான்னு இருக்கற பணத்தை எல்லாம் தொறக்கறதுக்கு முன்னாடியே கொட்டிடறாங்க. தொறந்ததுக்கு அப்புறம் சம்பளம் குடுக்க, சரக்கு எடுக்க கையில காசு இருக்கறதில்ல. அந்த ஓட்டையை அடைக்கத்தான் நம்மகிட்ட கார்டு விக்கறாங்க. நமக்கு சொல்றது ஆஃபர், மெம்பர்ஷிப், ஃபேமிலின்னு. உண்மையில அது வட்டியில்லாம, பத்திரம் இல்லாம, நாம அவங்களுக்குக் குடுக்கற கடன்.

அந்த ஓனர் எங்களை எப்படிப் பிடிச்சாருன்னு சொல்லியே ஆகணும், ஏன்னா அவ்வளவு நல்லாப் பேசற ஆளு. எங்க அம்மாவுக்கு காது மெஷின். காபி மெஷின்ல பால் நுரைக்கற சத்தம், பாட்டு, பக்கத்து டேபிள் பேச்சு எல்லாம் சேர்ந்தா அவங்களுக்குத் தலையே வலிக்கும், அதனால வெளிய எங்கயும் வரவே மாட்டாங்க. நான் கெஞ்சிக் கூட்டிட்டுப் போன முதல் தடவையே இவரு அதைக் கவனிச்சுட்டாரு. யாரும் சொல்லாமலே வந்து, "அம்மா, நீங்க இங்க வாங்க"ன்னு பின்னாடி ஓரத்து டேபிளுக்கு மாத்தி, மேல இருந்த ஸ்பீக்கரை அவரே ஸ்டூல் போட்டு ஏறி ஆஃப் பண்ணாரு. அடுத்த தடவை போனப்ப அந்த டேபிள்ல ரிசர்வ்டு போர்டு வச்சிருந்தாரு, எங்களுக்காகன்னு. அம்மா வீட்டுக்கு வந்து எங்க சித்திகிட்ட போன்ல அரை மணி நேரம் இதையே பேசிட்டு இருந்தாங்க. வயசானவங்களை மதிக்கற பையன்னு.

அப்புறம்தான் கார்டு. ஒரு நாள் கூட்டம் இல்லாத மத்தியானம், அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தாரு. "அக்கா, இதை எல்லாருக்கும் சொல்லல, ரெகுலரா வர்ற கொஞ்ச பேருக்கு மட்டும்தான். 18,000 கட்டினா 24,000-க்கு வருஷம் பூரா சாப்பிடலாம். இந்த டேபிள் அம்மாவுக்கே." கறுப்பு கலர்ல தடியா ஒரு கார்டு எடுத்தாரு, தங்கக் கலர் பேனா. "அம்மா பேர்லயே போடறேன்"னு சொல்லி, இனிஷியல் முன்னாடியா பின்னாடியான்னு அம்மாகிட்டயே கேட்டு, நிதானமா ஒவ்வொரு எழுத்தா எழுதி, மை காய வாயால ஊதி, ரெண்டு கையால அம்மா கையில குடுத்தாரு. அம்மா முகம் எப்படி மலர்ந்துச்சு தெரியுமா. அதைப் பார்த்துட்டுத்தான் நான் போனை எடுத்தேன். அந்த முகத்தை வச்சுத்தான் அவரு வியாபாரம் பண்ணிருக்காரு, அதை நினைச்சாதான் எனக்கு வயிறு எரியுது.

பணம் கட்டறப்ப, "கார்டு மெஷின் பேங்க்ல இருந்து இன்னும் வரலக்கா, இதுக்கு அனுப்பிடுங்க"ன்னு அவர் போன்ல ஒரு க்யூஆர் கோடு காட்டினாரு. ஸ்கேன் பண்ணா கடை பேரு வரல, யாரோ ஒரு தனி ஆள் பேரு. கேட்டேன். "பார்ட்னர்க்கா, கம்பெனி அக்கவுண்ட் இந்த வாரம் ரெடியாயிடும்"னாரு. ரசீது கேட்டேன். "மெயில்ல வரும்"னாரு. இன்னைக்கு வரைக்கும் வரல. கார்டு அடுத்த மாசம் ஒண்ணாம் தேதியில இருந்துதான் ஆக்டிவேட் ஆகும்னு 18,000 போய்ச் சேர்ந்ததுக்கு அப்புறம்தான் சொன்னாரு.

ஒண்ணாம் தேதி கழிச்சு சித்தியையும் கூட்டிட்டு மூணு பேரா போனோம். ஓரத்து டேபிள்ல வேற யாரோ லேப்டாப் வச்சு உக்காந்திருந்தாங்க, சரி பரவாயில்லன்னு வேற எடத்துல உக்காந்து சாப்பிட்டு முடிச்சு கார்டை நீட்டினா, கவுண்டர்ல இருந்த பையன் முன்னாடியும் பின்னாடியும் திருப்பித் திருப்பிப் பார்க்கறான், "மேம், இது சிஸ்டத்துல காட்டலையே, அப்டேட் போயிட்டு இருக்கு, இன்னைக்கு மட்டும் நீங்க பே பண்ணிடுங்க, அடுத்த தடவை அட்ஜஸ்ட் பண்ணிடலாம்"ங்கறான். கார்டுக்கு 18,000 கட்டிட்டு பில்லுக்குத் தனியா கட்டிட்டு வெளிய வந்தோம். அடுத்த தடவை போனா, "ஓனர் வந்து அப்ரூவ் பண்ணணும்." ஓனர் எப்ப வருவாருன்னா, "இப்பதான் கிளம்பினாரு." எந்த நேரம் போனாலும் இப்பதான் கிளம்பியிருப்பாரு.

போன் பண்ணா எடுக்கறதில்ல. மெசேஜ் போட்டா கும்பிடற எமோஜி வருது. "மீட்டிங்ல இருக்கேன்க்கா." "அக்கவுண்ட்ஸ் டீம்கிட்ட சொல்லிட்டேன்க்கா." ரெண்டு டேபிளுக்கு ஒரு பையன் ஓடற கடையில என்ன அக்கவுண்ட்ஸ் டீம்? பணத்தைத் திருப்பிக் குடுங்கன்னு கண்டிப்பாக் கேட்டதுக்கு அப்புறம் அக்கா போயி மேடம் வந்துச்சு. "மேடம், கார்டு நான்-ரீஃபண்டபிள், கார்டு பின்னாடி போட்டிருக்கு பாருங்க." பின்னாடி பார்த்தா கறுப்பு மேல சாம்பல் கலர்ல, எறும்பு சைஸ் எழுத்துல ஒரு வரி. அதுக்கப்புறம் ஒரே டிக்தான், பிளாக் பண்ணிட்டாருன்னு நினைக்கறேன்.

இன்னைக்கு காலைல அந்தப் பக்கமா போனா பழைய போர்டைக் கழட்டிட்டு வேற பேர்ல போர்டு மாட்டிட்டு இருக்காங்க. உள்ள அதே நாற்காலி, அதே மெஷின், அதே கவுண்டர் பையன். கேட்டா, "மேனேஜ்மென்ட் மாறிடுச்சு மேம், பழைய கார்டுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்ல." எத்தனை பேர் என்னை மாதிரி வந்து கேட்டாங்கன்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அவனைத் திட்ட எனக்கு மனசு வரல, அவனுக்குச் சம்பளம் வந்துச்சோ இல்லையோ.

பேங்க்ல கேட்டேன். "நீங்களே அனுப்பினது மேடம், ஹேக் பண்ணி எடுத்தது இல்லையே"ன்னு முடிச்சுட்டாங்க. இதே பணத்தை கிரெடிட் கார்டுல கட்டியிருந்தா, சொன்ன சேவை கிடைக்கலன்னு டிஸ்பியூட் (கட்டின பணத்தைத் திருப்பிக் கேட்டு பேங்க்ல குடுக்கற புகார்) போட வழி இருக்கு, விசா, மாஸ்டர்கார்டு ரெண்டுலயும் பொதுவா 120 நாள் வரைக்கும் டைம் உண்டு. 'மெஷின் வரல'ன்னு அந்த ஆளு ஏன் சொன்னாருன்னு அந்த நிமிஷம்தான் எனக்கு உறைச்சுது. மெஷின்ல போனா பணத்தைத் திருப்பி இழுக்க முடியும், தனி ஆள் அக்கவுண்டுக்குப் போனா அந்த வழியே அடைஞ்சுடும்.

வக்கீலா இருக்கற எங்க அண்ணன்கிட்ட போனேன். கடை மூடினா, அதுவும் திவால்னு போயிட்டா, முன்பணம் கட்டின கஸ்டமர் பெரும்பாலும் கடன் குடுத்தவங்க வரிசையில கடைசிலதான் நிப்பாங்களாம். அடமானம் வாங்கிக் கடன் குடுத்தவங்க, வேலை பார்த்தவங்க சம்பளம், வரி பாக்கி, இதெல்லாம் போயி மிச்சம் இருந்தாதான் நமக்கு. மேசை நாற்காலியை மட்டும் வேற ஆள் வாங்கிக்கிட்டா பழைய கடன் தானா அவங்க தலையில ஏறாது, அதனாலதான் இந்த 'மேனேஜ்மென்ட் மாறிடுச்சு' பேச்சு. உண்மையிலயே கை மாறுச்சா, இல்ல அதே ஆளு வேற பேர்ல உக்காந்திருக்காரான்னு பத்திரத்தைப் பார்த்தாதான் தெரியும், அதைத்தான் அண்ணன் இப்ப தோண்டிட்டு இருக்காரு.

அவர் சொன்ன இன்னொரு விஷயம். எச். ஜி. பார்சான்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவர் கூட இருந்தவங்களும் 2005-ல அமெரிக்காவுல கொலம்பஸ் ஊர்ல ரெஸ்டாரண்ட்டுகளை எடுத்துப் பார்த்திருக்காங்க. முதல் வருஷமே கிட்டத்தட்ட 26 சதவீதம் காலி, மூணு வருஷத்துல ஏறக்குறைய 60 சதவீதம். மூடினது மட்டும் இல்ல, கை மாறினதும் அந்தக் கணக்குல சேருது. பத்துல ஒன்பது கடை முதல் வருஷமே மூடிடும்னு ஆளாளுக்கு சொல்றது மிகைன்னு காட்டறதுக்காக பண்ண ஆராய்ச்சி அது, அதுலயே நாலுல ஒண்ணு முதல் வருஷம் தாண்டல. வேற ஊரு, வேற காலம், சரி. ஆனா நேத்து தொறந்த கடை நம்மகிட்ட ஒரு வருஷக் கார்டு விக்கறப்ப இந்தக் கணக்கு அதைத் தொழிலா பண்றவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

ரேட்டிங்கைப் பார்த்துட்டுத்தானே போறோம்னு சிலர் நினைப்பீங்க. நானும் பார்த்துட்டுத்தான் போனேன், 4.8 இருந்துச்சு. இப்ப உக்காந்து தேதி வாரியா பார்க்கறேன், தொறந்த முதல் வாரத்துல குவிஞ்சு கிடக்கு, எல்லாம் 'அருமையான ஆம்பியன்ஸ், நட்பான ஸ்டாஃப்' ரகம், அந்த ஐடிக்கெல்லாம் வேற ரிவ்யூவே இல்ல. அஞ்சு ஸ்டார் போட்டு போன்ல காட்டினா ஒரு ஸ்வீட் ஃப்ரீன்னு டேபிள்லயே ஒரு ஸ்டாண்ட் வச்சிருந்தாங்க. நான் நடந்ததை நடந்தபடி எழுதின ஒரு ஸ்டார் ரிவ்யூ மறுநாளே காணோம், விதிமுறை மீறல்னு ஒரு மெயில். எந்த விதின்னு கேட்டா ரெடிமேடா ஒரு பதில், திரும்பக் கேட்டா அதே பதில். ஹார்வர்டுல மைக்கேல் லூகான்னு ஒருத்தர் 2011-ல யெல்ப்ங்கற ரிவ்யூ வெப்சைட்டோட ரேட்டிங்கை வச்சு பண்ண ஆய்வுல, ஒரு ஸ்டார் கூடினா வருமானம் 5-ல இருந்து 9 சதவீதம் வரைக்கும் ஏறுதுன்னு வந்துச்சு, அதுவும் பெரிய செயின் கடைகளுக்கு இல்ல, தனிக்கடைகளுக்குத்தான். அவ்வளவு காசு அதுல இருக்கு, அப்ப ஸ்டாரை விலைக்கு வாங்கத்தான் பார்ப்பாங்க. காசு குடுத்து பொய் ரிவ்யூ வாங்கறதை அமெரிக்காவுல 2024 அக்டோபர்ல இருந்து விதி போட்டே தடை பண்ணிருக்காங்கன்னா எவ்வளவு தூரம் போயிருக்கும் பாருங்க.

சரி, சொன்ன மாதிரி சில விஷயம், சுருக்கமா, வக்கீல் வேற கூப்பிடறாரு. புதுக் கடையில சாப்பிட்ட பில்லுக்கு மட்டும் காசு குடுங்க, நாளைக்கு சாப்பிடப் போறதுக்கு குடுக்காதீங்க. பார்ட்டி ஹால் அட்வான்ஸ் மாதிரி கட்டியே ஆகணும்னா கிரெடிட் கார்டுல கட்டுங்க, மெஷின் இல்லன்னா மெஷின் வந்ததும் கட்டறேன்னு சொல்லிட்டு எழுந்துடுங்க. ஸ்கேன் பண்ணி கடை பேரு வரலன்னா அனுப்பாதீங்க, பார்ட்னர், மச்சான், கம்பெனி அக்கவுண்ட் ரெடியாகுது, எந்தக் கதையும் கேக்காதீங்க. ரசீது கைக்கு வந்தப்புறம்தான் பணம். ரிவ்யூவை லேட்டஸ்ட்னு மாத்தி வச்சு, ஒண்ணு ரெண்டு ஸ்டார் போட்டவங்க என்ன சொல்றாங்கன்னு மட்டும் படிங்க. வயசானவங்களைக் கூட்டிட்டுப் போனா அவங்க கிட்ட யாராவது ரொம்பப் பாசமாப் பேசிட்டு உடனே பணத்துக்கு வந்தா பில்லைக் கட்டிட்டுக் கிளம்பிடுங்க.

அம்மாகிட்ட இன்னும் 18,000 போச்சுன்னு முழுசா சொல்லல. கஃபே மூடிட்டாங்கன்னு மட்டும்தான் சொல்லிருக்கேன். அந்தப் பையனுக்கு என்ன கஷ்டமோன்னு கேக்கறாங்க.

இதே மாதிரி கறுப்புக் கார்டு, தங்க எழுத்து, ஓரத்து டேபிள் வாக்குறுதின்னு யாராவது வாங்கியிருந்தீங்கன்னா கார்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. முன்னும் பின்னும் போட்டோ எடுங்க, பணம் அனுப்பின ஸ்கிரீன்ஷாட், சாட் எல்லாம் அழிக்காம வச்சிட்டு எனக்கு மெசேஜ் பண்ணுங்க. 18,000 ஒருத்தர் கேட்டா அலைய விடுவாங்க, பத்து பேர் சேர்ந்து ஒரே புகாரா குடுத்தா எடுத்துக்குவாங்கன்னு அண்ணன் சொல்றாரு. இந்த வாரக் கடைசிக்குள்ள எத்தனை பேர் சேர்றோமோ அத்தனை பேர் பேரோட குடுக்கப் போறோம்.