வெள்ளவத்தையில் மரண சாசனம் எழுதித் தந்த சட்டத்தரணி

அப்பாவும் அம்மாவும் தங்கள் மரண சாசனங்களை (உயில்களை) வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு சட்டத்தரணியிடம் எழுதினார்கள். எனக்கு நல்ல திருப்தி, குறைகளும் இருக்கின்றன, இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் வேறொருவரிடம் விசாரித்தோம். காணி உறுதியின் பிரதியையும் அடையாள அட்டையையும் தாருங்கள், நாளைக்கு வந்து கையெழுத்துப் போடலாம் என்றார். அந்த அவசரம் பிடிக்கவில்லை. இந்தச் சட்டத்தரணி அப்படியில்லை, எழுதுவதைப் பற்றிப் பேசவே இல்லை, கேள்விதான் கேட்டார். சொந்த ஊர் எது, கலியாணம் நடந்தபோது எங்கே இருந்தீர்கள், எந்தச் சொத்து யார் காசில் வாங்கியது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை எங்களுக்குப் பொருந்துமா என்று பார்க்கத்தான் அத்தனையும். பொருந்தினால், கலியாணத்துக்குப் பிறகு உழைத்து வாங்கியது தேடிய தேட்டம், உறுதி அப்பாவின் பெயரில் மட்டும் இருந்தாலும் அதில் அம்மாவுக்கும் உரிமை வருமா என்று பார்க்க வேண்டும். தொடர்மாடி வீடு முழுவதும் தன்னுடையது என்றே அப்பா இத்தனை காலமும் நினைத்திருந்தார். அம்மாவின் சீதனக் காணியை விற்கவோ நன்கொடையாகக் கொடுக்கவோ அப்பாவின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், ஆனால் மரண சாசனத்தில் எழுதிவைக்க அந்தச் சம்மதம் தேவையில்லை. அம்மா அதைத் திரும்பவும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

அப்புறம் வீட்டில் தேடி எடுத்துவர வேண்டியவற்றைச் சொல்லி அனுப்பினார்: காணி உறுதிகள், நில அளவைப் படங்கள், திருமணச் சான்றிதழ், வங்கிக் கணக்குகளின் விவரம், இறந்த பிறகு பணத்தைப் பெற ஒவ்வொரு கணக்குக்கும் யாரை நியமித்திருக்கிறோம் என்பது. இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை, வங்கியில் ஒருவரை நியமித்துவிட்டு மரண சாசனத்தில் வேறொருவருக்கு எழுதினால் பிள்ளைகளுக்குள் சண்டைதான். சாசனத்தில் எழுதியபடி செய்து முடிக்கும் நிறைவேற்றுநராக கனடாவில் இருக்கும் தங்கையைப் போட அப்பா விரும்பினார். நீதிமன்றத்துக்குப் போய்வர இங்கே இருப்பவர்தான் வசதி என்று சட்டத்தரணி விளக்கினார், திணிக்கவில்லை.

நன்கொடை உறுதி எழுதிச் சீவிய உருத்தை (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை) வைத்துக்கொள்வதைப் பற்றியும் நேர்மையாகப் பேசினார். அது எழுதியவுடன் சொத்து கைமாறிவிடும், மனம் மாறினால் திரும்ப எடுப்பது பெரும்பாடு. மரண சாசனத்தை உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம், ஆனால் பிறகு பிள்ளைகள் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகவேண்டி வரும், கொழும்பில் என்றால் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்கு.

அவர் பிரசித்த நொத்தாரிசும் (உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) கூட. இதைப் பார்த்தே போங்கள், ஏனென்றால் 1840 ஆம் ஆண்டின் சட்டப்படி நொத்தாரிசு முன்னால் என்றால் 2 சாட்சிகள் போதும், இல்லாவிட்டால் 5 பேர் ஒரே நேரத்தில் அங்கே நிற்க வேண்டும். பங்கு பெறுகிறவர்கள் யாரும் சாட்சியாக வேண்டாம் என்றார், அப்பாவை நன்றாகத் தெரிந்த மேல்மாடி அங்கிளும் அவர் மனைவியும் வந்தார்கள்.

குறை என்றால், முதல் வரைவு ஆங்கிலத்தில் மட்டும் வந்தது. அம்மாவுக்குத் தமிழ்தான் சரளம், தன் சாசனத்தை அவர் வாசிக்க முடியாவிட்டால் என்ன பயன்? சட்டத்தரணி தமிழிலும் உறுதி எழுத அனுமதியுள்ள நொத்தாரிசு என்பதால், வற்புறுத்திக் கேட்ட பிறகு தமிழில் எழுதித் தந்தார். கட்டணத்தையும் நாங்கள் கேட்கும்வரை சொல்லவில்லை. தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆள் இல்லை. முதியவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு அந்த மாடிப்படியும் கஷ்டம்.

ஆனால் கையெழுத்து அன்றைக்கு என்னையும் அண்ணாவையும் வெளியே இருக்கச் சொன்னார். அண்ணாவுக்குக் கொஞ்சம் கோபம், எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது. உள்ளே முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டி, இது உங்கள் விருப்பமா, யாராவது சொல்லிச் செய்கிறீர்களா என்று தனித்தனியே கேட்டாராம். தங்கையின் பங்கைப் பற்றி அப்பா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார், மாற்ற வேண்டி வந்தாலும் இவரிடமேதான் போவோம்.